மூப்பறியாத இரைச்சல்: மான்ட்ரியலும் கிளாசிக் ராக்கின் இளம் ரசிகர்களும்

1981 நவம்பர் 24, 25 ஆகிய இரண்டு இரவுகள் மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில் குவீன் குழு பாடியது. அதை 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் படமாக்கி வைத்தார்கள். அங்கே விளையாடிவந்த கனேடியன்ஸ் ஹாக்கி அணி 1996-இல் வேறு அரங்குக்குப் போய்விட்டது. ஃபோரம் இன்று திரையரங்கு வளாகமாக இருக்கிறது. பாடகர் ஃப்ரெடி மெர்குரி 1991-இல் மறைந்தார். ஆனால் 2024 ஜனவரியில் அந்தப் படம் துலக்கப்பட்டு ஐமாக்ஸ் திரைகளுக்கு வந்தது. மெர்குரி இறந்தபோது பிறந்தேயிராதவர்களும் சீட்டு வாங்கி உட்கார்ந்து பார்த்தார்கள்.

பெற்றோர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துப் பாட்டை ஒரு தலைமுறை தன் பாட்டாக ஏற்பது எப்படி? இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் உண்டு. அந்தக் காலத்துப் பாட்டுத்தான் பாட்டு, இன்றைக்கு வருவதெல்லாம் வெறும் சத்தம் என்பது ஒன்று. கம்பெனிகள் பழைய சரக்கையே திரும்பத் திரும்ப விற்கின்றன என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மான்ட்ரியலை உற்றுப் பார்த்தால் மூன்றாவது ஒன்றும் தென்படுகிறது. ஒரு பாடலை அடுத்த தலைமுறையிடம் கொண்டுசேர்க்கச் சட்டம், வீடு, மேடை, திரை என்று பல கைகள் வேலை செய்திருக்கின்றன. அந்தக் கைகளைத் தனித்தனியே அடையாளம் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சலித்து எடுத்த மிச்சம்

‘கிளாசிக் ராக்’ என்பது இசைக் கலைஞர்கள் சூட்டிய பெயரல்ல. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க வானொலி நிலையங்கள் விளம்பரதாரர்களுக்காக உருவாக்கிய நிகழ்ச்சி வகை அது. 1960-களின் நடுப்பகுதியிலிருந்து சுமார் இருபது ஆண்டுகளில் வந்த ராக் ஆல்பங்களிலிருந்து, அன்றைய முப்பது வயதுக்காரர்களைப் பிடித்து நிறுத்தக்கூடிய பாடல்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். ஆகவே இன்றைய இளைஞர் காதில் விழுவது 1970-களின் இசை முழுவதும் அல்ல. பல கட்டங்களில் சலித்து நின்ற மிச்சம்தான் அது. அன்று வெளிவந்து அன்றே மறைந்த ஆயிரக்கணக்கான சுமாரான பாடல்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்தக் காலத்தின் மிகச் சிறந்தவற்றை இன்றைய சராசரியோடு பக்கத்தில் வைத்தால், பழையது ஜெயிப்பதில் ஆச்சரியமில்லை.

சல்லடைக்கும் ஒரு சார்பு உண்டு. ராக் இசையின் வேர் கறுப்பின மக்களின் புளூஸ் மரபில் இருக்கிறது. ஆனால் கிளாசிக் ராக் பட்டியலில் ஜிமி ஹென்ட்ரிக்ஸைத் தவிர்த்தால் கறுப்பினக் கலைஞர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெண்களும் குறைவு. விதிவிலக்கான ஹார்ட் குழுவுக்கு மான்ட்ரியலோடு ஒரு தொடர்பு உண்டு. ஆன், நான்சி வில்சன் சகோதரிகளின் முதல் ஆல்பம் தொடக்கத்தில் கவனம் பெற்ற ஊர்களில் இது ஒன்று. 1975-இல் ஃபோரம் அரங்கில் ராட் ஸ்டூவர்ட்டின் கச்சேரிக்கு முன்னால் பாடும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிடைத்தது.

சல்லடையால் விளைந்த நன்மை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1977-இல் பங்க் ராக் ரசிகனுக்கு நீண்டு நெளியும் ப்ரோக்ரஸிவ் ராக் பிடிக்காது. இவ்விரு இசைகளின் ரசிகர்களுக்கும் டிஸ்கோ ஆகாது. எதைக் கேட்கிறாய் என்பது நீ எந்தக் கட்சி என்பதற்கான சான்றாக இருந்தது. இன்று பதினெட்டு வயதில் கேட்பவருக்கு அந்தப் பகைகள் தெரியாது. பிங்க் ஃப்ளாய்டும் கிளாஷும் பீ ஜீஸும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து ஓடுகின்றன. பாடல்களை அவற்றின் காலத்துச் சண்டைகளிலிருந்து பிரித்துக் கேட்க முடிவது பின்னால் பிறந்தவர்களுக்குக் கிடைத்த சலுகை.

வானொலியும் ஒதுக்கீடும்

மான்ட்ரியலில் ராக் என்றதும் ஆங்கிலம் பேசுவோர் சொல்லும் முதல் பெயர் ‘ஷோம்’ எஃப்.எம். 97.7. 1963-இல் வேறு பெயரில் தொடங்கிய இந்த நிலையம் 1969-இல் ஆல்பம் ராக் பக்கம் திரும்பி, 1971-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. தொடக்க ஆண்டுகளில் அதன் அறிவிப்பாளர்கள் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து பேசினார்கள். லண்டன் குழு ஒன்றின் பாடலுக்கு அடுத்து கியூபெக்கின் பிரெஞ்சு ராக் பாடல் ஒலிக்கும். பின்னர் கனடாவின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் இருமொழி ஏற்பாட்டை நிறுத்தச் செய்தது. ஆனால் அதற்குள் இரு மொழி இளைஞர்களுக்கும் பொதுவான செவிப்பழக்கம் உருவாகியிருந்தது.

1971 ஜனவரியில் கனடாவில் ஒரு விதி வந்தது. தனியார் ஏ.எம். வானொலிகள் ஒலிபரப்பும் பாடல்களில் 30 விழுக்காடு கனடாப் படைப்பாக இருக்க வேண்டும். 1999 முதல் இது 35 விழுக்காடு. பிரெஞ்சு நிலையங்களுக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. வாய்ப்பாட்டு இசையில் 65 விழுக்காடு பிரெஞ்சிலேயே இருக்க வேண்டும். உள்ளூர்க் கலைஞர்களைக் காப்பதற்காக வந்த இந்த விதிகளால் எதிர்பாராத ஒரு பலன் விளைந்தது. பழைய ராக்கை மட்டும் போடும் நிலையம், ஒதுக்கீட்டை நிரப்பப் பழைய கனடா ராக்கைத்தானே போட முடியும்? ரஷ், நீல் யங், கெஸ் ஹூ, ஹாலிஃபாக்ஸிலிருந்து 1970-இல் மான்ட்ரியலுக்குக் குடிபெயர்ந்த ஏப்ரல் ஒயின் ஆகியோரின் பாடல்கள் ஐம்பது ஆண்டுகளாகத் தினமும் ஒலிக்கின்றன. எல்லைக்கு அப்பால் பாஸ்டனில் வளரும் பிள்ளைக்கு ஏப்ரல் ஒயின் யாரென்றே தெரியாமல் இருக்கலாம். மான்ட்ரியல் பிள்ளைக்கு அப்பாவின் காரில் பின் இருக்கையில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிடும்.

இரண்டு மொழி, இரண்டு மரபு

1977-ஆம் ஆண்டுக் கோடையில் இந்த ஊரில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஜூலை 6 அன்று ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் முன்னிலையில் பிங்க் ஃப்ளாய்ட் வாசித்தது. வெடி போட்டுக் கூச்சலிட்ட கூட்டத்தால் எரிச்சலடைந்த ரோஜர் வாட்டர்ஸ், மேடையை நோக்கி ஏறிவந்த ரசிகர் ஒருவர் மீது துப்பிவிட்டார். தனக்கும் கேட்போருக்கும் நடுவே ஒரு சுவர் எழுந்துவிட்டது என்ற எண்ணத்திலிருந்துதான் 1979-இன் ‘த வால்’ ஆல்பம் பிறந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு ஆகஸ்டில் கியூபெக் சட்டமன்றம் 101-ஆம் சட்டத்தை நிறைவேற்றியது. குடியேறியோரின் பிள்ளைகள் பிரெஞ்சு வழியில்தான் படிக்க வேண்டும் என்ற நிலை வந்தது.

இங்கே ராக்குக்கு இரண்டு வம்சாவளிகள் உள்ளன. ஆங்கில ராக் உலகப் பொருள். பிரெஞ்சு ராக் சொந்த மண்ணின் எழுச்சியோடு பிணைந்தது. போ டொமாழ் குழுவின் முதல் ஆல்பம் 1974-இல் வந்தது. ஆர்மோனியம் குழுவின் ‘லெப்டாட்’ 1976-இல் இரட்டை ஆல்பமாக வந்தது. அவ்வளவு பெரிய கனவு அந்தத் தலைமுறையிடம் இருந்தது. இரண்டு வம்சாவளிகளும் எப்போதும் ஒத்துப்போனதில்லை. 2008-இல் கியூபெக் நகரின் 400-ஆம் ஆண்டு விழாவில் பால் மெக்கார்ட்னி பாட வந்தபோது, பிரெஞ்சு நகரின் விழாவில் ஆங்கிலேயருக்கு என்ன வேலை என்று தேசியவாதிகள் சிலர் கேட்டார்கள். கச்சேரிக்குத் திரண்ட பெருங்கூட்டம் அந்தக் கேள்வியைச் சட்டைசெய்யவில்லை.

பிரெஞ்சு மரபும் தானாகப் பிழைத்திருக்கவில்லை. 2020 டிசம்பரில் சிமோன் லெக்லேரின் இசைக்கோப்பில், மான்ட்ரியல் சிம்பொனி இசைக்குழு ஆர்மோனியத்தின் பாடல்களை முழு இசைக்குழு வடிவில் பதிவுசெய்து வெளியிட்டது. பெருந்தொற்றால் வீட்டுக்குள் முடங்கிய குடும்பங்களுக்கு அது கூட்டாகக் கேட்கும் பொருளானது. அந்தப் பாடல்களை எழுதிய செர்ஜ் ஃபியோரி 2025 ஜூன் 24 அன்று, கியூபெக்கின் தேசியத் திருநாளில் மறைந்தார்.

ஆய்வுகூடத்தில் கேட்டது

இசையும் மூளையும் பற்றிய ஆராய்ச்சிக்கு உலகின் முக்கியமான ஊர்களில் மான்ட்ரியல் ஒன்று. மெக்கில், மான்ட்ரியல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ராபர்ட் ஸடோரும் இசபெல் பெரெட்ஸும் தொடங்கிய ‘பிராம்ஸ்’ ஆய்வகம் 2005 முதல் இயங்குகிறது. மெக்கிலில் பேராசிரியராக இருந்த டேனியல் லெவிட்டின், ஆய்வுக்கு வருமுன் ராக் ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை பார்த்தவர். இசையும் மூளையும் குறித்து அவர் 2006-இல் எழுதிய நூல் பரவலாக வாசிக்கப்பட்டது.

2011-இல் வலோரி சலிம்பூர், ஸடோர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு நேரடியாக உதவும். தங்களுக்குப் புல்லரிப்பு உண்டாக்கும் இசையைக் கேட்பவர்களே தேர்ந்து கொண்டுவந்தார்கள். அதைக் கேட்கும்போது அவர்கள் மூளையில் டோபமின் எப்போது சுரக்கிறது என்று ஸ்கேன் கருவிகள் மூலம் பார்த்தார்கள். இன்பத்தின் உச்சக் கணத்தில் அது சுரந்தது. அதற்குச் சற்று முன்பே, இதோ வரப்போகிறது என்று காத்திருக்கும் கணத்திலும் மூளையின் வேறொரு பகுதியில் அது சுரந்தது. கிடைப்பதைப் போலவே காத்திருப்பதும் இன்பம்.

இந்த முடிவு ராக் இசைக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் இதை மனத்தில் வைத்துக்கொண்டு லெட் செப்பலின் குழுவின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாடலைக் கேட்டுப் பாருங்கள். எட்டு நிமிடப் பாடல். தனிக் கிட்டாரில் தொடங்கி, குழலொலி சேர்ந்து, குரல் நுழைந்து மெல்ல நகர்கிறது. நான்கு நிமிடம் கடந்த பிறகே டிரம்ஸ் உள்ளே வருகிறது. அதன் பிறகும் உச்சத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறது. நம் வித்வான்கள் ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தைத் தொடாமல் சுற்றிச்சுற்றி வந்து ஏங்கவைப்பார்களே, அந்த வேலைதான் இதுவும். முதல் சில வினாடிகளிலேயே கேட்பவரைப் பிடித்துவிட வேண்டும் என்று எழுதப்படும் ஸ்ட்ரீமிங் காலப் பாடல்களுக்கு நடுவே, காக்கவைக்கும் பாடல் ஓர் அபூர்வப் பண்டமாகிவிட்டது. பாடல்களைத் தட்டித் தள்ளிக்கொண்டே போகப் பழகிய தலைமுறைக்கு அதன் ருசி புதிது.

இன்னொன்று, ஒலிப்பதிவின் கைவேலை. மான்ட்ரியலுக்கு வடக்கே லாரென்ஷியன் மலைப்பகுதியில், மோரின்-ஹைட்ஸ் என்ற இடத்தில் ஆந்திரே பெரி 1974-இல் ‘லெ ஸ்டூடியோ’வைத் திறந்தார். ஏரியைப் பார்த்தபடி பெரிய கண்ணாடிச் சுவர். டேவிட் போவி, போலீஸ் போன்றவர்கள் இங்கு வந்து பதிவு செய்தார்கள். ரஷ் குழுவோ இதைத் தன் வீடாகவே ஆக்கிக்கொண்டது. ‘பெர்மனென்ட் வேவ்ஸ்’ ஆல்பத்தின் ஒரு பாடலுக்குத் தண்ணீர்ச் சத்தம் தேவைப்பட்டபோது, வெளியே போய் ஏரியில் துடுப்பை அளைந்து பதிவு செய்தார்கள். ‘மூவிங் பிக்சர்ஸ்’ ஆல்பத்தில் வரும் கும்பல் கூச்சலுக்குக் குளிரில் வெளியே நின்று தாங்களே கத்தினார்கள். அக்காலப் பதிவுகள் பெரும்பாலும் கணினித் தாளக்கட்டு இல்லாமல் வாசிக்கப்பட்டவை. உற்சாகத்தில் டிரம்ஸ் சற்று முந்தும், அடுத்த வரியில் நிதானிக்கும். நான்கு பேர் ஒருவரையொருவர் கவனித்து வாசிப்பது காதில் விழுகிறது. இளைஞர்கள் ‘உண்மையான இசை’ என்று சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அந்த ஸ்டூடியோ கைவிடப்பட்டு, 2017 ஆகஸ்டில் தீக்கிரையானது.

வீட்டுக் கூடம்

2013-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் கிரம்ஹான்ஸல், 1955 முதல் 2009 வரையிலான வெற்றிப் பாடல்களை இருபது வயதையொட்டிய மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி அவர்கள் நினைவையும் விருப்பத்தையும் அளந்தார். தங்கள் பருவத்துப் பாடல்கள் நினைவில் ஓங்கி நின்றன. அதில் வியப்பில்லை. 1980-களின் தொடக்கத்தில், அதாவது பெற்றோரின் இளமைக் காலத்தில், இன்னொரு மேடு தெரிந்தது. 1960-களில் மூன்றாவதாக ஒரு சிறு மேடு. பெற்றோர் சமையலறையில், காரில், விருந்தில் போட்டுக் கேட்டவை பிள்ளைகளின் சொந்த நினைவாகவே மாறிவிடுகின்றன. 2019-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 643 பேரிடம் நடத்திய ஆய்விலும் இளைஞர்கள் 1960-களிலிருந்து 1990-கள் வரையிலான பாடல்களை ஏறக்குறைய ஒரே சீராக அடையாளம் கண்டார்கள். அதற்கு முந்தையவை மெல்ல மங்கின. வியப்பூட்டும் வகையில் 2000-க்குப் பிந்தையவை வேகமாக மங்கின.

இந்த வீட்டுப் பரிமாற்றத்தைத் திரையில் காட்டியவர் மான்ட்ரியலில் பிறந்த இயக்குநர் ழான்-மார்க் வலே. அவருடைய ‘க்ரேஸி’ (2005) படத்தில் அப்பாவுக்குப் பாட்ஸி க்ளைனின் இசைத்தட்டு உயிர். மகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, முகத்தில் மின்னல் கோடு வரைந்து, டேவிட் போவியோடு சேர்ந்து பாடுகிறான். பாடல் உரிமைகளுக்கான செலவு எகிறியபோது வலே தன் ஊதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். கியூபெக்கில் படம் பெருவெற்றி பெற்றது. அதைப் பார்த்து போவியையும் பிங்க் ஃப்ளாய்டையும் தேடிப்போக ஒரு தலைமுறைக்கு வழி திறந்தது.

ஆனால் வீடு மட்டுமே முழு விடையாகாது. மான்ட்ரியலின் பார்க் எக்ஸ்டென்ஷன், கோத்-தெ-நேஜ் பகுதிகளில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். வீட்டில் இளையராஜா, பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம். அப்பாவிடமிருந்து லெட் செப்பலின் வர வாய்ப்பே குறைவு. அவர்களை அடையும் கதவுகள் வேறு: பள்ளி இசைக்குழு, 2005-இல் வந்த ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டு, திரைப்படம், தொடர், குறுங்காணொளி. 1985-இல் வந்த கேட் புஷ்ஷின் பாடல் ஒன்று, ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரால் 37 ஆண்டுகளுக்குப் பின் 2022-இல் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் பழைய ராக் பூர்விகச் சொத்தல்ல, புதிதாகக் கண்டெடுத்த பொருள். வீட்டுக் கலாசாரத்துக்கும் பள்ளிக் கலாசாரத்துக்கும் நடுவே, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் இடம் சிலருக்கு ஆசுவாசம் தருகிறது.

மறுபடி நிகழ்த்துவது

பழைய பாடலை அப்படியே பாதுகாப்பதற்கும் மறுபடி நிகழ்த்துவதற்கும் வேறுபாடு உண்டு. மான்ட்ரியல் இரண்டாவதில் கைதேர்ந்தது. ஜெனெசிஸ் குழு 1974-75-இல் நடத்திய ‘த லேம்’ மேடை நிகழ்ச்சி முழுமையாகப் படமாக்கப்படவில்லை. 1993-இல் மான்ட்ரியலில் தொடங்கிய ‘த மியூசிகல் பாக்ஸ்’ குழு அதை உடை, விளக்கு, கருவி எனத் துண்டு துண்டாக மீட்டுக் கட்டியது. ஜெனெசிஸ் குழுவினரே தங்களிடமிருந்த அசல் ஸ்லைடுகளைக் கொடுத்து உதவினார்கள். பீட்டர் கேப்ரியல், அப்பா அந்தக் காலத்தில் என்ன செய்தார் என்று காட்டுவதற்குத் தன் பிள்ளைகளை அழைத்துச் சென்றார்.

இயக்குநர் டொமினிக் ஷாம்பாஞ்ஞைப் பாருங்கள். மான்ட்ரியலின் சர்க் து சொலேய் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய ‘லவ்’, பீட்டில்ஸ் பாடல்களை வைத்து 2006 முதல் 2024 வரை லாஸ் வேகாஸில் நடந்தது. ஜார்ஜ் ஹாரிசனுக்கும் சர்க்கின் நிறுவனர் கீ லலிபெர்டேவுக்கும் இருந்த நட்பே அதன் விதை. பிறகு மான்ட்ரியலின் 375-ஆம் ஆண்டை ஒட்டி, 2017 மார்ச்சில் ‘த வால்’ ஆல்பத்தை இங்குள்ள ஓபரா நிறுவனம் மேடையேற்றியபோது இயக்கியவரும் அவரே. ஜூலியன் பிலோதோ மின்கிட்டாரைத் தவிர்த்து முழு இசைக்குழுவுக்கும் கோரஸுக்கும் புதிதாக இசை எழுதினார். ஸ்டேடியத்தில் பிறந்த கோபம் நாற்பது ஆண்டு கழித்து ஓபரா மேடையில் அரங்கேறியது.

நம் பக்கம் திரும்பினால்

இவ்வளவும் தமிழருக்கு அந்நியமல்ல. 1991-இல் வந்த ‘குணா’வின் பாடலை 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படம் குகைக்குள்ளிருந்து மீட்டுக் கொடுத்தது. அதே ஆண்டு ‘லப்பர் பந்து’ 1989-இன் ‘பொன்மனச் செல்வன்’ பாடலைத் தெருவெங்கும் ஒலிக்கவைத்தது. திரைப்பாடலுக்கு அடுத்த திரைப்படமே வாகனமாகிவிடுகிறது. அந்த வாகனம் கிடைக்காத இசையின் கதி என்ன என்பதே நாம் யோசிக்க வேண்டியது.

பீட்டில்ஸும் பிங்க் ஃப்ளாய்டும் பாடிக்கொண்டிருந்த அதே 1960-70-களில் இலங்கையில் ஈழத்துப் பொப்பிசை தழைத்தது. நித்தி கனகரத்தினமும் ‘சுராங்கனி’ புகழ் ஏ. ஈ. மனோகரனும் கிட்டாரோடு மேடையேறினார்கள். இலங்கை வானொலி அந்தப் பாடல்களைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது. பிறகு போர் வந்தது. கேட்டவர்கள் உலகெங்கும் சிதறினார்கள். கல்யாண மண்டபத்தில், குடும்ப ஒன்றுகூடலில் இன்றும் அந்தப் பாடல்களுக்கு ஆட்டம் உண்டு. அவற்றுக்கு 35 விழுக்காடு ஒதுக்கீடு கிடையாது, முழு இசைக்குழுப் பதிவு கிடையாது, ஐமாக்ஸ் கிடையாது. பாட்டில் குறையிருப்பதால் வந்த நிலையல்ல இது.

கிளாசிக் ராக் இளைஞர்களிடம் நிலைத்திருப்பதை அந்த இசையின் அழியாத்தன்மைக்குச் சான்றாக மட்டும் எடுத்துக்கொண்டால் பாதியைத்தான் பார்த்தவர்களாவோம். நல்ல பாடல் என்பது நுழைவுத் தகுதி மட்டுமே. அதற்குமேல் ஒரு விதி, ஒரு வானொலி, உரிமைக்காகத் தன் சம்பளத்தை விட்ட ஓர் இயக்குநர், பழைய ஸ்லைடுகளைத் தேடிப்போன ஒரு குழு என்று ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள். மான்ட்ரியல் தமிழ்ப் பிள்ளை ஒருவர் நாளை பொப்பிசையை மின்கிட்டாரில் புதிதாக வாசிக்க வேண்டுமானால், அதற்கான மூலப்பதிவுகளைத் தேடித் தொகுப்பதும் உரிமைகளைத் தெளிவாக்குவதும் மேடை கொடுப்பதும் இன்றைய பெரியவர்கள் செய்து முடிக்க வேண்டிய வேலை.